முனியாண்டிக்கு வைத்த கறுப்பு டின்

அத்தை,

இன்று காலை கடைக்கு வந்த சலவைப் பைகளில் ஒன்றில் ஒரு வெள்ளைக் கால்சட்டை இருந்தது. வலது முழங்காலில் பச்சையாக ஒரு புல் கறை. அதைத்தான் முதலில் பார்த்தேன். யாரோ பந்துக்குப் பாய்ந்து சறுக்கியிருக்கிறார்கள். கால்சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினேன். காய்ந்த புல் கொஞ்சம் உதிர்ந்தது. கூடவே ஒரு வாசம். வேர்வை, ஈரமண், அதற்கு அடியில் லேசாகப் புளித்த பீர் வாசம். சோப்புத்தூள் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“என்னம்மா, துணியப் பார்த்துக் கனவு காண்றியா? மெஷின் சும்மா கிடக்குது லா” என்றார் முதலாளி அக்கா.

வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் டோபி கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் என்னை ஊமை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஒருநாள் நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு அங்கிள் உங்களிடமே கேட்டாரே, “பாவம், பிறந்ததிலேர்ந்தே இப்படியா?” என்று. நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், “இல்லண்ணே, பாக்கி வெக்காதவங்ககிட்ட மட்டும்தான் பேசும்” என்றீர்கள். அவர் அதற்குப் பிறகு இந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பதினாறாம் நாள். படையலுக்கு என்னென்ன வைப்பது என்று நேற்று வீட்டில் பேசினார்கள். அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேரும் கூடத்தில். நான் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சிக்கு என்னல்லாம் பிடிக்கும்?” என்று அப்பா கேட்டார்.

“காப்பி வெப்போம். கேசரி, வடை. கோழி பிரட்டுனா நல்லா சாப்பிடுவா” என்றார் அம்மா.

“புதுப் புடவை ஒண்ணு” என்றார் பெரியம்மா.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் பேசினார்கள். மூன்று பேருக்கும் தெரியும். ஞாயிறு மத்தியானம் மூன்றாம் மாடியில் உங்கள் வீட்டு ஜன்னலோரம், கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டி, டி.வி.யில் யாரோ எங்கோ கிரிக்கெட் ஆட, பக்கத்தில் ஒரு குளிர்ந்த டின்னோடு நீங்கள் உட்கார்ந்திருப்பதை இந்த செந்தூல் பிளாட்டில் பார்க்காதவர்கள் இல்லை. அப்பாதான் மெதுவாக ஆரம்பித்தார். “அவ வந்து... அந்த...”

“அந்தக் கருமத்தப் பத்திப் பேசாதீங்க. அதுதான் அவளக் கொண்டு போச்சு” என்றார் பெரியம்மா.

மூளையில் ரத்தக்கட்டி, இதற்கும் குடிப்பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை, இது யாருக்கும் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஆனாலும் நேற்று அவர் டி.வி. ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். “பொம்பளைக்கு பீர் வெச்சோம்னா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க” என்று அம்மா முடித்துவிட்டார். காப்பி என்று முடிவாகிவிட்டது.

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன்.

அத்தை, கிள்ளானுக்குப் போனோமே, அந்த நாள் நினைவிருக்கிறதா? பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நேரம். ஏன் நின்றேன் என்று வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க என் வாய் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி வேன் ஓட்டுகிற அதே சட்டையோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

“கிளம்பு பாப்பா. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு கிளப் வந்திருக்கு, கிள்ளான்ல கிரிக்கெட் மேட்ச். பொம்பளைப் பிள்ளைங்க. விளையாடுறதுக்குன்னே கடல் தாண்டி வந்திருக்காங்க, நாம ஒரு ரயில் ஏறிப் போகக்கூடாதா?”

உங்கள் வேனில் வரும் ஒரு பையனின் அப்பா அந்த கிள்ளான் கிளப்பைச் சேர்ந்தவர். அவர் சொல்லித்தான் தெரிந்ததாம். வேனில் போகலாமே என்று நான் கையைக் காட்டினேன். “பீர் குடிக்கிற அன்னைக்கு வேன் சாவியத் தொடமாட்டேன்” என்றீர்கள். அதனால் அந்த நீல ஐஸ் பெட்டியை நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ரயில் ஏறினோம். சென்ட்ரல் நிலையத்தில் ரயில் மாறியபோது நகரும் படிக்கட்டில் ஐஸ் கட்டிகள் உள்ளே கடகடவென்று உருண்டன. மீன் வாங்கிப் போகிறோம் என்று நினைத்து ஒரு மலாய்க்கார ஆன்டி என்ன மீன் என்று கேட்டார். “கறுப்பு மீனும் இருக்கு, மஞ்சள் மீனும் இருக்கு” என்று மலாயில் நீங்கள் சொன்னதும், அவருக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தத் திடலை இப்போது நினைத்தாலும் கண்ணுக்குள் ஒரு பச்சை வந்து நிற்கிறது. ஒரு பக்கம் பழைய கிளப் கட்டடம், துத்தநாகக் கூரை. எதிர்ப்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகள் எல்லைக்கோட்டைத் தாண்டித் திடலுக்குள்ளேயே நிழல் விரித்திருந்தன. வெள்ளை உடுப்புப் பெண்கள் நிழலுக்குள் வரும்போது நீலமாகவும், வெயிலுக்குள் போகும்போது கண் கூசுகிற மாதிரியும் தெரிந்தார்கள். பந்து மட்டையில் படும் சத்தம், நாம் பார்த்த பிறகுதான் காதுக்கு வந்தது. எல்லாமே கொஞ்சம் தாமதமாக நடப்பது போல் இருந்தது.

“கால்பந்துன்னா கண்ண எடுக்க முடியாது. இது அப்படி இல்ல” என்றீர்கள். “ஒரு பந்து போடுவா, திரும்பி நடப்பா. நமக்கு மேகம் பார்க்க நேரம் இருக்கு.”

அந்த மரத்தடியில் ஒரு முனியாண்டி கோவில் இருந்தது. கோவில் என்றால் நம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மாடம், ஒரு சூலம், மஞ்சள் துணி. யாரோ கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். பெட்டியில் போடாமல் தனியாகத் துணிப்பையில் கொண்டுவந்த ஒரு கறுப்பு பீர் டின்னை எடுத்தீர்கள். சாமிக்கு ஐஸ் போடாததுதான் வைக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. தினமும் வேன் கிளப்புகிறவர் நீங்கள். வழியில் எங்கே முனியாண்டி இருந்தாலும் கும்பிடாமல் போகமாட்டீர்கள். கதவு பூட்டியிருந்ததால் டின்னைத் திறந்து, மாடத்துக்குப் பக்கத்தில் தரைக்கு மேல் புடைத்திருந்த ஒரு வேரில் வைத்தீர்கள். மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

“இங்கயே உட்காந்து இதப் பார்த்துக்க. நாய் கீய் வந்து தட்டிடப் போகுது” என்று என்னிடம் சொன்னீர்கள்.

அப்போதுதான் அந்த கோயம்புத்தூர் அங்கிளும் அவர் மனைவியும் வந்தார்கள். அணியில் ஒருத்தி அவர்கள் மகள். மகள் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி வந்திருந்தார்கள். அங்கிளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் அவருக்கு பம்ப் செட் கடை. கடைக்கு வரும் சிநேகிதர்கள் எல்லாரும் மலேசியாவில் என்ன பீர் கிடைக்கிறது, எப்படி இருக்கிறது என்று குடித்துப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள்.

“கேன்டீன்ல ஒரே ஒரு வகைதானுங்க வெச்சிருக்காங்க” என்று அவர் வருத்தப்பட்டார்.

நீங்கள் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தீர்கள். அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பெட்டிக்குள்ளிருந்து அவர் முகத்துக்கு வெளிச்சம் அடித்த மாதிரி.

“மேடம், நீங்களும் சாப்பிடுவீங்களா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும்ணே.”

“இன்னைக்கு சனிக்கிழமைங்களே?”

“சாமிக்கு வெச்ச நாள் எல்லாம் ஞாயித்துக்கிழமதான் லா.”

பச்சை டின்னை முதலில் கொடுத்தீர்கள். அவர் ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, வாய்க்குள் சுழற்றி விழுங்கினார். “இது ஓடற தண்ணியாட்ட இருக்குதுங்க. ஒரு சண்டையும் இல்ல.” வெள்ளை டின்னைக் குடித்துவிட்டு, “இது பேசுது. ஆனா மெதுவாப் பேசுது” என்றார். இங்கே யாரோ சின்னதாக ஆரம்பித்துக் காய்ச்சுகிறார்கள் என்று நீங்கள் தேடிப் பிடித்து வைத்திருந்த, அசாம்போய் என்கிற உப்புப் புளிப்புப் பழம் போட்ட பாட்டிலைக் குடித்ததும் ஒரு கண்ணைச் சுருக்கி, “ஊறுகா!” என்று கத்தினார். திடலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, புள்ளை மட்டையத் தூக்கிட்டு உள்ள போறா. நீங்க டப்பாவையே பாருங்க” என்றார் அவர் மனைவி.

“பார்த்துட்டுத்தான் இருக்கறன் தாயி.”

“ஊருக்குப் போனா மேட்ச்சப் பத்தி எவனாச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க? புளிப்பா இருந்துச்சும்பீங்களா?”

எனக்கு நீங்கள் சோயா பால் கொடுத்தீர்கள். அங்கிள் என்னைப் பார்த்து, “அம்மிணிக்கு?” என்று விளையாட்டாகக் கேட்டபோது, “அவளுக்கு இருபத்தொண்ணு ஆகட்டும். மொதல் டின் நான்தான் வாங்கிக் குடுப்பேன். அதுவரைக்கும் யாரும் பக்கத்துல வரக்கூடாது” என்றீர்கள். எனக்கு அது ஏதோ பெரிய பரிசு மாதிரி இருந்தது. இருபத்தொரு வயதில் நான் எப்படி இருப்பேன் என்று முதல்முறையாக அங்கேதான் யோசித்தேன்.

அப்புறம்தான் அது நடந்தது. நீங்கள் அங்கிள் மனைவியோடு பேசிக்கொண்டே எல்லைக்கோடு வரை நடந்து போயிருந்தீர்கள். போகும்போது, “கறுப்பு மட்டும் பாக்கிண்ணே, மரத்துக்கு அந்தப் பக்கம் பெட்டியில இருக்கு, எடுத்துக்குங்க” என்று கையைக் காட்டிவிட்டுப் போனீர்கள். காற்றில் எலுமிச்சம்பழம் உருண்டு புல்லுக்குள் போய்விட்டிருந்தது. அங்கிள் மரத்தைச் சுற்றி வந்தார். வேரின் மேல் ஒரு கறுப்பு டின். திறந்து வேறு இருக்கிறது. தனக்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்ததைப் பார்த்தேன். டின்னை எடுத்ததைப் பார்த்தேன். “அங்கிள், வேணாம்” என்ற இரண்டு சொல்லும் என் தொண்டையில் வரிசையாக நின்றன. வெளியே வரவில்லை. அவர் அண்ணாந்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, “ஆஹா, இதுதானுங்க சரக்கு! சூடாக் குடுக்கறாங்க பாரு, இங்கத்த வழக்கம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நொடி திடலில் ஒரு கூச்சல். மகள் முதல் பந்திலேயே எல்.பி.டபிள்யூ.

திரும்பி வந்த நீங்கள் அவர் கையைப் பார்த்தீர்கள். வேரைப் பார்த்தீர்கள். “அண்ணே... அது முனியாண்டிக்கு வெச்சதுண்ணே.”

அங்கிளின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனது. ஒரு கையில் டின், இன்னொரு கை தன்னாலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. “ஐயோ சாமி! எங்கூர்லயும் முனியப்பனுக்கு வெப்போம்ங்க. சுருட்டு, சாராயம் எல்லாம் வெப்போம். டின்னுல வெப்பாங்கன்னு தெரியாதுங்களே! அதான் புள்ளை அவுட்டாயிட்டா. நான் குடிச்சேன், அவ போயிட்டா.”

“சாமிகிட்டயே பங்கு கேட்டுட்டு வந்து நிக்கறீங்க” என்றார் அவர் மனைவி. சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“அண்ணே, அவ முன்னங்கால நகத்தவே இல்ல. அதான் போயிட்டா” என்றீர்கள் நீங்கள். “முனியாண்டி எவ்வளவோ பண்ணுவாரு. எல்.பி.டபிள்யூ குடுக்கமாட்டாரு.”

அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள். “பார்த்துக்கச் சொன்னேனே பாப்பா. பார்த்தியா?”

தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“பார்த்துக்கிட்டே இருந்தியா? நல்லாப் பார்த்த போ.” நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். “விடு. முனியாண்டியும் பார்த்துக்கிட்டுப் பேசாமத்தான் உட்காந்திருந்தாரு.”

அதற்குள் மழை வந்துவிட்டது. கிள்ளான் பக்கத்து மழை, முதலில் வாசம், அப்புறம் மரத்தின் உச்சியில் ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் தெரியாத வெள்ளை. எல்லாரும் துத்தநாகக் கூரைக்கு ஓடினோம். ஐஸ் பெட்டியை அங்கிள் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார், செய்த பாவத்துக்குப் பரிகாரம் போல.

அந்த மழை நேரம்தான் எனக்கு அதிகமாகக் கனவில் வருகிறது. கூரைமேல் விழும் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியவில்லை. பேச முடியாத இடத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எல்லாரும் என்னைப் போல ஆகிவிட்டார்கள். கையாலும் கண்ணாலும்தான் பேசினோம். காலுறையோடு ஆட்டக்காரப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து எங்கள் முறுக்கைத் தின்றார்கள். அவுட்டான மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். திடல் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மேல்கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரு திரை மாதிரி விழுந்தது. நீங்கள் அதற்குள் கையை நீட்டி, உள்ளங்கையில் மழையை வாங்கி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தீர்கள். சின்னப் பிள்ளை மாதிரி. உங்களை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மழை கொஞ்சம் குறைந்து பேச்சு காதில் விழுகிற அளவுக்கு வந்ததும், அங்கிளின் மனைவி உங்கள் கையிலிருந்த கறுப்பு டின்னையே பார்த்தார்.

“அது என்னங்க, கஷாயமாட்ட கறுப்பா இருக்குது?”

“உடம்புக்கு நல்லதுக்கா. அந்தக் காலத்துல பிள்ளை பெத்தவங்களுக்கு முட்டை அடிச்சு இதுல ஊத்திக் குடுப்பாங்க இங்க.”

அவர் தூங்கும் மகளை ஒரு பார்வை பார்த்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். “நான் ரெண்டு பெத்தனுங்க. ஒருத்தரும் குடுக்கல” என்று சொல்லி, உங்கள் கையிலிருந்து டின்னை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். அங்கிள் வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார்.

“என்ன பார்க்கறீங்க? சாமி டின்னு இல்லைங்க இது. கேட்டுத்தான் வாங்கினேன்.”

மழை விட்டதும் ஈரப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிள் மரத்தடிக்குப் போனார். நீங்களும் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கறுப்பு டின்னை ஐஸிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அவர் சூடாக்கிக்கொண்டே நின்றது எனக்கு மறக்காது. சாமிக்குக் குளிராக வைக்கக்கூடாதே. திறந்து, வேரில் வைத்து, விழுந்து கும்பிட்டார். சட்டை முழுக்கச் சேறு.

“தப்பா நினைக்கமாட்டாருங்களே?”

“அண்ணே, இவ்வளவு தூரம் பறந்து வந்த ஆளு, தாகமாக் குடிச்சிட்டாருன்னு நினைச்சுக்குவாரு. வெக்கிறது யாராவது குடிக்கணும்னுதானே” என்றீர்கள்.

அப்புறம் ஆட்டத்தைச் சுருக்கி நடத்தினார்கள். கோயம்புத்தூர்ப் பெண்கள் களத்தில் நின்றார்கள். அந்த மகள் ஒரு பந்துக்குப் பின்னாலேயே ஓடி, மரத்து நிழல் வரை வந்து, விழுந்து பிடித்தாள். எழுந்தபோது முழங்கால் முழுக்கப் பச்சை. அங்கிள் அழுதுவிட்டார். நீங்கள் “அடி என் தங்கம்!” என்று கத்தியது கிள்ளான் ஆறு வரைக்கும் கேட்டிருக்கும். யார் ஜெயித்தார்கள் என்று அன்றைக்கு வீட்டில் கேட்டார்கள். மழைக்குப் பிறகு ஏதோ கணக்குப் போட்டார்கள் அல்லவா, அது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. உங்களுக்கும் அது முக்கியமாக இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஐஸ் பெட்டி இப்போது லேசாக இருந்தது. உள்ளே தண்ணீர் மட்டும் தளும்பியது. பாடாங் ஜாவா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலில் வானம் பழுத்த நிறத்தில் இருந்தது. நீங்கள் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே பேசினீர்கள்.

“பெரியண்ணனுக்குப் பதினாறுல என்ன வெச்சாங்க, நினைவிருக்கா? ரெண்டு கறுப்பு, ஒரு பாக்கெட் சிகரெட்டு. அண்ணி, அதான் உன் பெரியம்மா, தன் கையால சிகரெட்டப் பத்த வெச்சாங்க.”

தலையை ஆட்டினேன்.

“எனக்கு என்ன வெப்பாங்க சொல்லு பார்ப்போம்?”

நான் உங்களைப் பார்த்தேன்.

“காப்பி.” நீங்கள் சிரித்தீர்கள். “நல்லா சீனி போட்டு, பால் ஊத்தி, டம்ளர்ல. எனக்குக் காப்பியே பிடிக்காது லா பாப்பா. போற எடத்துல போயும் காப்பி குடிக்கணுமா நான்?”

நானும் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நீங்கள் என் தலையை உங்கள் தோளுக்கு இழுத்துக்கொண்டு, “இத வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ யார்கிட்டயும் சொல்லமாட்ட, அதான் உன்கிட்ட சொல்றேன்” என்றீர்கள்.

உங்கள் சட்டையில் மழையும் மால்ட்டும் மணத்தது. நான் தூங்கிவிட்டேன். சென்ட்ரலில் எழுப்பினீர்கள்.

அத்தை, அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் இந்தப் பத்து பன்னிரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். துவைத்த துணியில் கறை போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல. நான் சொல்லமாட்டேன் என்பதால் பத்திரமாக இருக்கும் என்று சொன்னீர்களா? அல்லது ஒருநாள் நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்து சொன்னீர்களா? விளையாட்டுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். நீங்கள் பாதி நாள் விளையாட்டுக்குத்தான் பேசுவீர்கள். ஆனால் கண்ணாடியில் சாய்ந்திருந்த உங்கள் முகம் விளையாட்டாக இல்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று டின் இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் வருவதற்குள் அப்பா அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய்க் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டார். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். கொடுத்துவிட்டு அவர் உடனே மேலே வரவில்லை. உங்கள் வேன் நிற்கும் இடத்தில், வேனின் முன்கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இருந்தது வெட்கம் மட்டும் இல்லை என்று அப்போது நினைத்தேன். அவருக்கு யாராவது முதலில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அண்ணன் ஆயிற்றே, தங்கச்சிக்கு பீர் வைக்கலாம் என்று அவரே எப்படிச் சொல்வார்?

உங்களிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம், கடைசி மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி, கால்களைத் துணிக்கூடைமேல் நீட்டிக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு குற்றம் இல்லை என்று என் உடம்புக்குத் தெரிகிறது. மெஷின் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபக்கம் சுற்றுகிறது. மேகம் பார்க்க எனக்கும் நேரம் இருக்கிறது. அது உங்களுடையது.

இதுவரை எழுதியபோது கூடத்தில் அவர்கள் பேச்சு மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது. பெரியம்மா காப்பித்தூள் எந்தக் கடையில் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டி.வி. ஓடியது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். கூடத்து வாசலில் போய் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“அப்பா, அத்தைக்குக் காப்பி பிடிக்காது. பீர் வைக்கணும்” என்றேன்.

டி.வி. சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் உள்ளே போய் டி.வி.யை நிறுத்தினேன். மூன்று பேரும் திரும்பினார்கள். இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.